அந்துப்பூச்சி வெளியேறிய பிறகு நெய்த சேலை

இலந்தைப்பழ நிறத்தில் உடல், மூன்று விரல் அகலத்தில் மஞ்சள் கரை, சரிகை கிடையாது, முந்தியில் கோடுகள் மட்டும். விலை 12,800 ரூபாய். கோயம்புத்தூரில் கைத்தறித் துணி மட்டும் விற்கும் ஒரு சின்னக் கடையில் வாங்கினேன். கூடவே சாயம் போடாத எரிப்பட்டுச் சேலை ஒன்று (எரி என்பது அசாம் பக்கம் வளர்க்கும் வேறொரு பட்டுப்பூச்சி), 8,200 ரூபாய். இரண்டும் 'அகிம்சைப் பட்டு' என்று எழுதிய ஒரே அலமாரியில் இருந்தன. புழுவைக் கூட்டோடு அவிக்காமல், அந்துப்பூச்சி தானாகக் கூட்டைத் திறந்துகொண்டு வந்த பிறகு மிஞ்சும் ஓட்டிலிருந்து நூற்ற பட்டு என்று அதற்குப் பொருள். ஒரு மழைக்காலமும், அதையடுத்த தை மாசி முகூர்த்தங்களும் உடுத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் எங்கள் அப்பா இன்றும் பட்டுப்புழு வளர்க்கிறார். இரண்டு ஏக்கரில் மல்பெரி, அதை ஒட்டிப் புழு வளர்ப்பு மனை. பள்ளிக்கூடம் போகும் முன் தழை வெட்டிப் போட்டுவிட்டுப் போன பிள்ளைகள் நானும் தம்பியும். இப்போது கோவையில் ஒரு பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். இந்தப் பட்டைப் பற்றிக் கடைகள் சொல்வதையும் விளம்பரங்கள் சொல்வதையும் படிக்கும்போது, புழுவைக் கையில் எடுத்துப் பார்த்த யாரும் இதை எழுதவில்லை என்று தோன்றும். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் துணி. காஞ்சிபுரம் பட்டின் பளபளப்பை எதிர்பார்த்து இதைக் கையில் எடுக்காதீர்கள். ஒரு நல்ல வெண்கூட்டில் ஏறத்தாழ 1000 மீட்டர் நீளத்துக்கு ஒரே இழை அறுபடாமல் சுற்றியிருக்கும். கூட்டை வெந்நீரில் ஊறவைத்துப் பசையை இளக்கி, நுனியைப் பிடித்து உருவினால் அது முழுசாக வரும். அப்படிப் பல கூடுகளின் இழைகளைச் சேர்த்து முறுக்கியதுதான் முகூர்த்தப் பட்டின் பாவும் (நெடுக்கு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்). நீண்டு கிடக்கும் இழையில் வெளிச்சம் சிதறாது, அதனால்தான் அந்த மினுமினுப்பு. பூச்சி வெளியே வந்த கூட்டிலோ ஒரு முனை குலைந்து, இழை பல இடங்களில் அறுந்திருக்கும். அதை உருவ முடியாது. பசை போக வேகவைத்து, பஞ்சாகக் கோதி, பருத்தியை நூற்பது போலத்தான் நூற்க வேண்டும். கிடைக்கும் நூலில் மினுமினுப்பு அடங்கிப்போகும், அங்கங்கே சின்னச் சின்னத் தடிப்பு இருக்கும்.

எனக்கு அந்த அடங்கிய நிறம் பிடித்திருக்கிறது. சாயம் நூலின் உள்ளே இறங்கியிருப்பதால் நிறத்துக்கு ஒரு ஆழம் வந்திருக்கிறது. பகல் வெளிச்சத்தில் பழுத்த இலந்தையாகவும் மண்டப விளக்கில் கருஞ்சிவப்பாகவும் தெரிகிறது. என் கல்யாணப் பட்டோடு ஒப்பிட்டால் எடையில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். மடிப்பு விறைப்பாக நிற்காது, உடம்போடு ஒட்டி விழும். ஊசி குத்தாமல் முந்தி தோளில் நிற்கிறது. வழுக்கும் பட்டில் இது நடக்காது. குறை என்று சொன்னால், உட்கார்ந்து எழுந்தால் சுருக்கம் தெரிகிறது. கைப்பை உரசும் தோள்பக்கத்தில் லேசாகப் பிசிறு எழும்பியிருக்கிறது. குட்டை இழையில் நூற்ற எந்த நூலுக்கும் இது வரும், ஆனால் இந்த விலைக்குச் சேலை வாங்குகிறவர்களிடம் கடைக்காரர்கள் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கிணத்துக்கடவில் ஒரு கல்யாணத்தில் பெரியம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏன் அம்மிணி, முகூர்த்தத்துக்கு நூல் சேலை கட்டீட்டு வந்திருக்கற?" என்று கேட்டார். பட்டுதான் என்று சொல்லி முந்தியின் குஞ்சத்தில் ஒரு இழையைப் பிரித்துக் காட்டினேன். அப்புறம் பந்தி முடியும் வரைக்கும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, பூச்சி எப்படி வெளியே வருகிறது, நூலை எப்படி நூற்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தச் சேலை இப்படிப் பேச வைக்கிறது, அதுவும் எனக்குப் பிடித்த காரணங்களில் ஒன்று.

இப்போது சேலையில் தொங்கிய அட்டைக்கு வருகிறேன். என் வருத்தம் முழுக்க அதில்தான். அட்டையில் ஆரஞ்சும் கறுப்புமாக இறக்கை விரித்த ஒரு வண்ணத்துப்பூச்சி. அதன் கீழே, புழு கூட்டுக்குள் இறந்து, வண்ணத்துப்பூச்சியாக மறுபிறவி எடுத்து, வானில் பறந்து சென்ற பிறகே இந்தப் பட்டு நூற்கப்படுகிறது என்று நாலு வரி. படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் புழு இறப்பதில்லை, அது மறுபிறவி இல்லை, வருவது வண்ணத்துப்பூச்சி இல்லை, அது பறப்பதும் இல்லை.

கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறேன். பட்டுக்கூட்டிலிருந்து வருவது பாலாடை நிறத்தில், உடம்பெல்லாம் மென்மயிர் போர்த்த ஒரு தடித்த அந்துப்பூச்சி. உணர்கொம்புகள் சீப்பின் பற்களைப் போல விரிந்திருக்கும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அதற்குப் பறக்க வராது. வாயால் எதையும் உண்ணவும் முடியாது. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததை வைத்துக்கொண்டு சில நாட்கள் வாழ்ந்து, இணை சேர்ந்து, பெண்ணாக இருந்தால் நானூறு ஐந்நூறு முட்டை இட்டு முடிந்துவிடும். இதன் காட்டு உறவு இன்றும் சீனாவில் மல்பெரி மரங்களில் இருக்கிறது. அது பறக்கும். வீட்டுப் பட்டுப்பூச்சியை மனிதர் சீனாவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கூட்டுக்காகவே பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததில் பறக்கும் திறன் போய்விட்டது. ஆண் பூச்சி இறக்கையைப் படபடவென அடித்துக்கொண்டு தரையிலேயே சுற்றிச் சுற்றிப் பெண்ணிடம் போகும். பெண் விடும் ஒரு மணம்தான் அதை இழுக்கிறது. ஜெர்மனியில் அடால்ஃப் புட்டெனாண்ட் குழுவினர் ஏறத்தாழ 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்து 1959-இல் அறிவித்தார்கள். பூச்சிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வேதிப்பொருட்களில் முதன்முதலாக இனங்காணப்பட்டது இதுதான்.

இனி மறுபிறவி. இந்தச் சொல்லைக் கேட்டவுடன் எனக்குப் பாட்டி ஞாபகம் வருகிறார். எங்கள் பழைய வீட்டு உத்தரத்தில் குளவி மண்கூடு கட்டும். பச்சைப் புழுவைத் தூக்கி வந்து உள்ளே அடைத்து வாயை மூடிவிட்டுப் போகும். சில வாரம் கழித்து அந்தக் கூட்டை உடைத்துக்கொண்டு குளவி வரும். "கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்பார் பாட்டி. சைவ சித்தாந்தம் பேசுகிறவர்களும் இதே குளவியையும் புழுவையும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள்: குருவையே இடைவிடாமல் நினைக்கும் சீடன் குருவாகவே ஆகிவிடுவான் என்பதற்கு. பல நூற்றாண்டுகளாக நம் மக்கள் உருமாற்றத்தை நினைத்துப் பார்த்த விதம் இது. உள்ளே போனது ஒன்று, வெளியே வந்தது வேறொன்று, நடுவில் ஒரு மந்திரம். உண்மையில் அங்கே நடப்பது வேறு. குளவி கூட்டுக்குள் முட்டையும் இட்டு வைக்கிறது. கொட்டி மயங்கவைத்த புழு, அந்த முட்டையிலிருந்து வரும் குளவிக் குஞ்சுக்கு உணவு. ஆனாலும் அந்த உவமை எனக்குப் பிரியமானது. ஒன்று முற்றிலும் வேறொன்றாக முடியும் என்று நம்ப ஆசைப்பட்டவர்கள், தங்கள் உத்தரத்தில் தினமும் பார்த்ததை எடுத்துக்கொண்டார்கள்.

பட்டுப்புழுவில் நடப்பதோ உண்மையான உருமாற்றம், அதில் எங்குமே சாவு இல்லை. முட்டை பொரித்து வரும்போது எறும்பு அளவு. நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவம் கடந்து, 25 நாளை ஒட்டிய காலத்தில் பிறந்தபோது இருந்த எடையைப் போல ஏறத்தாழ 10,000 மடங்கு ஆகிவிடும். ஐந்தாம் பருவத்தில்தான் எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. மொத்தத் தழையில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் அந்த ஒரு வாரத்திலேயே தின்று தீர்க்கும். அப்புறம் ஒரு சாயங்காலம் புழு தின்பதை நிறுத்தும். உடம்பு மங்கிய வெள்ளையிலிருந்து கண்ணாடித் தன்மைக்கு வரும். தலையைத் தூக்கி அங்கும் இங்கும் தேடும். "பழுத்துருச்சு" என்பார் அப்பா. முன்பெல்லாம் கூடு கட்டுவதற்கான சந்திரிகை என்ற மூங்கில் தட்டில் எடுத்து விடுவோம், இப்போது பிளாஸ்டிக் வலைத் தட்டு. தலையை எட்டு வடிவில் ஆட்டி ஆட்டி இரண்டு மூன்று நாளில் கூட்டைக் கட்டி முடிக்கும்.

எல்லாப் புழுவும் ஒரே நாளில் பழுக்காது. அதற்கு அப்பா 'சம்பூர்ணா' வாங்கி வைத்திருப்பார். மத்திய பட்டு வாரியத்தின் மைசூர் ஆராய்ச்சி நிலையம் கொடுத்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுக்கத் தொடங்கியதும் தண்ணீரில் கலந்து தழைமேல் தெளித்துக் கொடுத்தால், மற்றவையும் ஒருசேரக் கூடு கட்டப் போகும். சின்ன வயதில் அதை ஏதோ மருந்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில்தான் புரிந்தது: புழுவின் உடம்பில் தோலுரிப்பையும் உருமாற்றத்தையும் நடத்தும் எக்டைசோன் என்ற ஹார்மோனுக்கு நெருங்கிய உறவான, செடியிலிருந்து எடுத்த பொருள் அது. எக்டைசோனைத் தூய படிகமாக முதலில் எடுத்தவர்கள் அதே புட்டெனாண்ட்டும் பீட்டர் கார்ல்சனும், 1954-இல். 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது 25 மில்லிகிராம். உலகத்தில் பூச்சிகள் எப்படி உருமாறுகின்றன என்ற கேள்விக்கு விடை கொடுத்தது பட்டுக்காக வளர்த்த இந்தப் புழுதான். வகுப்பில் இதைச் சொல்லும்போது நான் ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் நிறுத்திவிடுவேன்.

புழுவின் உடம்பில் இன்னொரு ஹார்மோனும் ஓடுகிறது. இளமை ஹார்மோன் என்று பெயர். அது நிறைய இருக்கும்வரை எத்தனை முறை தோலுரித்தாலும் புழு புழுவாகவே இருக்கும். அது குறைந்த பிறகு எக்டைசோன் எழும்போதுதான் கூட்டுப்புழு. ஆக, உருமாற்றம் கூட்டுக்குள் போன பிறகு தொடங்குவது இல்லை. தழை தின்றுகொண்டிருக்கும் புழுவின் உடம்பிலேயே இறக்கைக்கான திசுக்கள் சின்ன மொட்டுகளாக ஒளிந்திருக்கின்றன. 1669-இல் டச்சுக்காரர் யான் சுவாமர்டம், புழுவையும் கூட்டுப்புழுவையும் அறுத்துப் பார்த்து, இவை ஒரே உயிரின் பல நிலைகள் என்று எழுதினார். அதே ஆண்டில் இத்தாலியரான மர்செல்லோ மல்பீகி பட்டுப்புழுவின் உள்ளுறுப்புகளை முழுதாக வரைந்து வெளியிட்டார். அதுவரை ஐரோப்பாவிலும் பலர் ஒன்று செத்து இன்னொன்று பிறக்கிறது என்றே நினைத்திருந்தார்கள். நம் சேலை அட்டை இன்னும் 1669-க்கு முன்னால் நிற்கிறது.

கூட்டுக்குள் பழைய தசையும் குடலும் பெருமளவு கரைவது உண்மைதான். அதைப் பார்த்துத்தான் பலர் 'கஞ்சியாகிவிடும்' என்று எழுதுகிறார்கள். நரம்பு மண்டலம் முழுதாகக் கரைவதில்லை, மாற்றிக் கட்டப்படுகிறது. அமெரிக்காவில் 2008-இல் வெளியான ஒரு ஆய்வு இதை அழகாகக் காட்டியது. புகையிலைச் செடியைத் தின்னும் ஒரு வகைப் புழுவுக்கு ஒரு வாசனையைக் காட்டும்போதெல்லாம் லேசாக மின்சாரம் கொடுத்துப் பழக்கினார்கள். கடைசிப் பருவத்தில் பழக்கிய புழுக்கள் அந்துப்பூச்சியாகி வெளியே வந்த பிறகும் பெரும்பாலானவை அந்த வாசனையை விட்டு விலகிப் போயின. புழுவாக இருந்தபோது பட்டது பூச்சிக்கு நினைவிருக்கிறது! தழை தின்றதும் அதுதான், இறக்கை அடிக்கப்போவதும் அதுதான்.

இதை இவ்வளவு நேரம் சொல்வதற்குக் காரணம் உண்டு. மறுபிறவி என்று சொல்லிவிட்டால், கூட்டுக்குள் ஏற்கெனவே ஒரு சாவு நடந்துவிட்டது போலவும், நாம் வெந்நீர் ஊற்றுவது வெறும் ஓட்டின் மேல் என்பது போலவும் ஆகிவிடுகிறது. சாதாரணப் பட்டில் அவிக்கப்படுவது பாதி வழியில் இருக்கும் ஒரு உயிர். அகிம்சைப் பட்டின் நியாயமே அந்த வழியை முடிக்க விடுவதுதான். அதை வாங்கச் சொல்லும் அட்டையே அந்த நியாயத்தைக் கெடுத்துவிடக் கூடாது.

விவசாயி புழுவைக் கொல்வதில்லை. கூடு கட்டி ஆறேழு நாளில் அறுவடை செய்து, உயிரோடு அங்காடிக்குக் கொண்டுபோவோம். தர்மபுரிக்கோ ராமநகரத்துக்கோ போகும்போது வண்டியில் கூட்டை எடுத்துக் காதருகே ஆட்டினால் உள்ளே கூட்டுப்புழு இடிக்கும் சத்தம் கேட்கும். ஒன்றிரண்டை வெட்டி உள்ளே பார்த்துத்தான் வியாபாரி விலை கேட்பார். இன்னும் சில நாள் விட்டால் பூச்சி ஓட்டை போட்டுவிடும் என்பதால் நூல் உருவும் ஆலையில் சூடான காற்றில் அவித்து உலர்த்திவிடுவார்கள், புழு சாவது அங்கேதான். 1 கிலோ கச்சாப் பட்டுக்கு 6 முதல் 7 கிலோ கூடு வேண்டும், நல்ல கூடு ஒன்று 2 கிராமுக்கும் குறைவு. நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு முறை அப்பா சொன்னார்: "புழு சாகறத நான் கண்ணுல பாத்ததில்ல அம்மிணி. ஆனா சாகறதுக்குன்னு தெரிஞ்சுதான் விக்கறேன்." அவர் அதைக் குற்ற உணர்ச்சியோடு சொல்லவில்லை. தெரிந்ததைத் தெரிந்ததாகச் சொன்னார். கடைகளும் இப்படிப் பேசினால் போதும் என்பது என் ஆசை.

பட்டு மடி, பட்டு சுத்தம் என்று பூஜைக்கும் கல்யாணத்துக்கும் எடுத்து வைத்த அதே சமூகத்தில், காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி பட்டு உடுத்துவதை விடச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லுக்காகப் பட்டை ஒரேயடியாக விட்ட குடும்பங்களை இன்றும் பார்க்கலாம். முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் மனைவி ஜானகி அம்மையார், புழுவைக் கொல்லாமல் பட்டு கிடைக்குமா என்று கேட்டதுதான் தன்னை இதில் இறக்கியது என்று ஐதராபாத்தின் குசுமா ராஜையா சொல்லியிருக்கிறார். கைத்தறித் துறையில் வேலை பார்த்தவர் அவர். பூச்சி வெளியேறிய கூட்டிலிருந்து நூற்று நெய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார், 'அகிம்சைப் பட்டு' என்ற பெயரும் அவரால்தான் பரவியது. எனவே இது விளம்பரக்காரர்கள் கண்டுபிடித்த ஆசை இல்லை. ஒரு நேர்மையான கேள்வியிலிருந்து வந்தது.

அந்த நேர்மையைக் கடையில் சோதிக்க வழி இருக்கிறது. நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் எடுத்துக் காட்டிய சேலை 9,500 ரூபாய்தான். முந்தியின் குஞ்சத்தில் இருந்த பாவு நூல் ஒன்றை அனுமதி கேட்டு முறுக்கைப் பிரித்தேன். இழை நீளமாக, வழவழப்பாக, அறுபடாமல் வந்தது. அது கூட்டிலிருந்து உருவிய சாதாரணப் பட்டு. ஊடையை மட்டும் நூற்ற நூலில் போட்டிருக்கிறார்கள். தறியில் பாவு இழுவை தாங்க வேண்டும் என்பதால் இப்படிச் செய்வது வசதி. ஆனால் அதை அகிம்சைப் பட்டு என்று விற்பது சரியில்லை. கடைப் பெண்ணுக்கு இது தெரிந்திருக்கவில்லை, நான் காட்டியதும் அவரே உள்ளே போய் வேறு இரண்டைத் தேடி எடுத்து வந்தார். இலந்தை நிறச் சேலையில் பாவு, ஊடை இரண்டையும் பிரித்தேன், இரண்டுமே கட்டைவிரல் நீளம்கூட இல்லாத குட்டை இழைகளாக உதிர்ந்தன. அதனால்தான் அதிக விலை கொடுத்து அதை எடுத்தேன். சில்க் மார்க் முத்திரையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அது சொல்வது துணி தூய பட்டு என்பதை மட்டும்தான், பூச்சி வெளியே வந்ததா என்பதை அல்ல. எரித்துப் பார்ப்பதும் அப்படித்தான், செயற்கை இழையைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவே.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: ஓட்டையிட்ட கூடு எங்கிருந்து வந்தது? பட்டுத் தொழிலுக்குள்ளேயே பூச்சியை வெளியே விடும் இடம் ஒன்று உண்டு, முட்டை உற்பத்தி நிலையம். அப்பா வாங்கும் புழுக்களுக்கான முட்டை அங்கிருந்துதான் இளம்புழு வளர்ப்பு மையத்துக்குப் போகிறது. அங்கே பூச்சிகள் வெளிவந்து, இணை சேர்ந்து, முட்டையிடும். முட்டை இட்ட தாய்ப்பூச்சியை அரைத்து, பெப்ரைன் நோய்க்கிருமி இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். 1865-இல் தொடங்கிப் பிரான்சில் லூயி பாஸ்டர் பல ஆண்டுகள் பட்டுப்புழு நோயை ஆராய்ந்து உருவாக்கிய முறை. இது இல்லாவிட்டால் ஒரு நோயுற்ற தாய் ஊரிலுள்ள மனைகளையே காலி செய்துவிடும், எனவே நான் இதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நிலையங்களில் மிஞ்சும் கூடுகளும் நூற்புக்குப் போகின்றன. அதில் நெய்த சேலையைக் கையில் கொடுத்து 'பறந்து சென்ற பிறகு' என்று சொல்ல முடியாது அல்லவா?

கடையில் கொடுத்த எண்ணில் நெசவுக் குழுவின் பொறுப்பாளரோடு பேசினேன். பொறுமையான மனிதர். தனியாக வளர்த்த கூடுகள்தான், நிலையத்துக் கூடு வாங்குவதில்லை என்றார். பூச்சிகள் தட்டுகளிலேயே வாழ்ந்து முடிகின்றன. முட்டைகளை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்சத்தை அடுத்த வளர்ப்புக்கு வைத்துக்கொண்டு மற்றதை அப்படியே விட்டுவிடுகிறோம் என்று மறைக்காமல் சொன்னார். ஒரு தாய்க்கு நானூறு ஐந்நூறு முட்டை என்றால், எல்லாவற்றுக்கும் தழை போட எந்தத் தோட்டத்தாலும் முடியாது, பொரித்தவை பட்டினியில் போகும். இதற்கு அவரிடம் முழு விடை இல்லை, என்னிடமும் இல்லை. ஆணையும் பெண்ணையும் கூட்டுப்புழுவிலேயே பிரித்து வைத்தால் முட்டையின் கருக்கட்டலைத் தவிர்க்கலாம், வயிற்றின் கடைசிப் பகுதியிலுள்ள அடையாளத்தை வைத்துப் பழகிய கை பிரித்துவிடும் என்று சொன்னேன். செய்து பார்க்கிறோம் என்றார்.

விலை ஏன் இவ்வளவு என்பதும் அவர் பேச்சில் தெளிவானது. அங்காடியில் கூட்டை எடை போட்டு வாங்குவார்கள், அந்த எடையில் முக்கால் பங்குக்கும் மேல் உள்ளிருக்கும் உயிர். பூச்சி போன பின் மிஞ்சும் ஓடு கால் பங்குகூட இல்லை. வளர்த்தவருக்கு நட்டம் வராமல் விலை கொடுத்து, அதைக் கையால் நூற்றவருக்கும் கூலி கொடுத்தால் 12,800 எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.

எரிப்பட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது வேறு பூச்சி. அசாமிலும் வடகிழக்கிலும் ஆமணக்கு இலை கொடுத்து வளர்ப்பது. இதன் கூடு ஒரு முனையில் இயல்பாகவே திறந்திருக்கும், இழையும் தொடர்ச்சியாக இருக்காது, எனவே எப்போதுமே நூற்றுத்தான் ஆக வேண்டும். இதனால் எல்லா எரிப்பட்டும் அகிம்சைப் பட்டு என்று கடைகள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அங்கே எரிக் கூட்டுப்புழு மக்கள் விரும்பி உண்ணும் உணவு. கூட்டை விலக்கிப் புழுவை எடுத்துச் சமைப்பது அவர்களுடைய பழைய வழக்கம், அதில் தவறு சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் வாங்குகிறவர் பூச்சி பிழைத்ததா என்பதற்காகவே கூடுதல் பணம் கொடுக்கிறார் என்றால் எரிக்கும் அதே கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

துணியாகப் பார்த்தால் எரிதான் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. தந்த நிறம், கம்பளிக்கும் பருத்திக்கும் நடுவில் ஒரு கதகதப்பு. டிசம்பரில் வால்பாறை போனபோது மேலே சால்வை தேவைப்படவில்லை. துவைக்கத் துவைக்க மிருதுவாகிக்கொண்டே வருகிறது, பிசிறும் எழவில்லை. சித்திரை வெயிலில் கட்ட முடியாது. முகூர்த்தத்துக்கும் எடுபடாது. பள்ளிக்கு, கோயிலுக்கு, வெளியூர்ப் பயணத்துக்கு 8,200 ரூபாய்க்குத் தாராளமாக வாங்கலாம். இலந்தை நிறச் சேலையை விசேஷங்களுக்கு வைத்துக்கொள்வேன். இதே குழுவிடம் பாவும் ஊடையும் நூற்ற நூலாக இருந்தால் இன்னொன்றும் வாங்குவேன், பச்சையில்.

பராமரிப்புக்குப் பெரிதாக ஒன்றும் தேவையில்லை. இலந்தை நிறத்தை முதல் இரண்டு முறை தனியாக அலசுங்கள், கொஞ்சம் சாயம் விடுகிறது. பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் அமுக்கி எடுத்தால் போதும், முறுக்கிப் பிழியக் கூடாது, நூற்ற பட்டு ஈரத்தில் இழுபடும். நிழலில் விரித்துக் காயவைத்து, லேசாக ஈரம் இருக்கும்போதே உள்பக்கமாகத் தேய்த்தால் சுருக்கம் முழுசாகப் போய்விடுகிறது.